ரசிகர்கள் திருத்திய முடிவு

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். இதில் ரகசியம் எதுவும் கிடையாது. இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் இருந்தபோதே, 1989-ல் நியூஜெர்சி மாநில செனட்டில், தான் நடத்துவது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்குக் காட்சி என்று சொல்லிவிட்டது. குத்துச்சண்டைக்கு உள்ள அரசுக் கட்டுப்பாடும் வரியும் தனக்கு வேண்டாம் என்பதற்காகச் சொன்னது. அதனால், “அதெல்லாம் செட்டப்புதானே?” என்று கேட்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. ஆமாம், முடிவை எழுதித்தான் வைக்கிறார்கள்.

ஆனால் எழுதி வைத்ததை ரசிகர்கள் கூச்சல் போட்டே திருத்த வைத்த காலமும் உண்டு. 2024-ல் அப்படி ஒன்று நடந்தது. அதைப் புனே தாபோடியில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. 2010-லிருந்து இந்த ஊர்வாசி. மல்யுத்தத்துக்குப் பேர்போன மகாராஷ்டிரத்தில் இருந்துகொண்டு அமெரிக்க ரெஸ்லிங்கை இவ்வளவு ஆசையாகப் பார்ப்பது ஏன் என்று இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முடிவு தெரிந்தும் ஏன் பார்க்கிறோம்?

செய்யாறு பக்கத்தில் நான் வளர்ந்த ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும். பதினெட்டாம் போரில் துரியோதனன் விழப்போகிறான் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் படுகளத்தன்று ஊரே திரண்டு நிற்கும். மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்த அந்தப் பெரிய உருவத்தின் தொடையில் பீமன் வேஷக்காரர் ஓங்கி அடிக்கும்போது கூட்டத்துக்கே உடம்பு சிலிர்க்கும். யார் விழுவார் என்று தெரிந்துகொள்ள யாரும் அங்கே வருவதில்லை. அவன் விழும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரெஸ்லிங் ரசிகனும் அப்படித்தான்.

இதன் அமைப்பு எளிமையானது. வாரா வாரம் ‘ரா’, ‘ஸ்மாக்டவுன்’ என்று தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வரும். அதில் பகை மூளும், நண்பன் துரோகம் செய்வான், நல்லவன் அடிவாங்குவான். அந்தக் கணக்கெல்லாம் தீரும் இடம் பெரிய நிகழ்ச்சி. அமெரிக்காவில் அதைப் பார்க்க வீட்டுக்கு வீடு தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்ததால் ‘பே பெர் வியூ’ என்று பெயர் வந்தது. அவற்றில் தலையாயது ரெஸ்ல்மேனியா. முதல் ரெஸ்ல்மேனியா 1985 மார்ச் 31-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. 2014-ல் அந்த நிறுவனம் மாதம் 9.99 டாலருக்குச் சொந்தமாக இணையச் சேவை தொடங்கிய பிறகு, தனியாகப் பணம் கட்டும் பழக்கம் மெல்ல மறைந்தது.

இந்தியாவில் நமக்கு அந்தச் செலவு வந்ததே இல்லை. டென் ஸ்போர்ட்ஸ் காலத்திலும் சரி, பிறகு சோனி காலத்திலும் சரி, கேபிள் கட்டணத்துக்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. நாம் கொடுக்கும் விலை தூக்கம். ரெஸ்ல்மேனியா நாளில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணி என்றால் இங்கே விடிகாலை நாலரை. பள்ளி நாளில் டிரம்ப் கார்டு சீட்டில் வீரர்களின் உயரம், எடை, மார்பளவு, கை அளவு என்று மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று பந்தயம் கட்டியவர்கள். நாலரை மணிக்கு எழுவது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை.

பிளம்பர் மகனின் மகன்

2024-ல் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் டஸ்டி ரோட்ஸிலிருந்து தொடங்க வேண்டும். டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினில் பிளம்பர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தொந்தியும் சுருள் முடியுமாக, பார்த்தால் வீரர் என்றே சொல்ல மாட்டோம். ஆனால் உழைக்கும் மக்களின் பாஷையில் பேசிப் பேசியே அமெரிக்காவின் செல்லப்பிள்ளை ஆனவர். 1977-ல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அப்போதைய சாம்பியன் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை வென்றார். ஆனால் எதிராளி ரிங்குக்கு வெளியே எண்ணப்பட்டுத் தோற்றால் பட்டம் கை மாறாது என்பது விதி. டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் உச்சப் பட்டம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. 2015 ஜூனில் காலமானார்.

அவருடைய இளைய மகன் கோடி ரோட்ஸ். அதே நிறுவனத்தில் பல வருடம் இரண்டாம் வரிசை வேஷங்களில் கிடந்து, 2016-ல் விலகி வெளியே போனார். சின்னச் சின்ன அரங்குகளில் ஆடி, 2019-ல் ஏ.இ.டபிள்யூ. என்ற போட்டி நிறுவனம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். 2022 ரெஸ்ல்மேனியாவில் திரும்பி வந்தபோது சொன்னது ஒன்றுதான்: அப்பாவுக்குக் கிடைக்காததை எடுத்துப்போக வந்திருக்கிறேன்.

அந்த வருடம் ஜூன் 5-ல் அவர் சேத் ராலின்ஸோடு கூண்டுக்குள் மோத வேண்டும். அதற்குச் சில நாள் முன்பு பயிற்சியில் மார்புத் தசை எலும்பிலிருந்தே கிழிந்துவிட்டது. சட்டையைக் கழற்றியபோது வலது மார்பிலிருந்து முழங்கை வரை ரத்தம் கட்டிக் கருநீலமாக இருந்தது. மேக்கப் என்று நினைக்க வழியே இல்லை. அந்தக் கையோடு இருபது நிமிடத்துக்கு மேல் ஆடினார். அன்றிலிருந்து என் மகள் அவருடைய கட்சி.

2023 ரெஸ்ல்மேனியாவில் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸை எதிர்த்தார். ஜெயிக்கும் நேரத்தில் ரெய்ன்ஸின் தம்பி முறைக்காரர் சோலோ சிகோவா குறுக்கே புகுந்து காரியத்தைக் கெடுத்தார். மறு வருடம் ராயல் ரம்பிள் போட்டியை மீண்டும் ஜெயித்து, 2024 ரெஸ்ல்மேனியாவில் சாம்பியனோடு மோதும் உரிமையை வாங்கினார். இப்போதாவது கதை முடியும் என்று நாங்கள் நம்பியிருந்தபோதுதான், பிப்ரவரி 2-ல் ஸ்மாக்டவுன் நிகழ்ச்சியில் ரோட்ஸ் ஒதுங்கி நிற்க, அவருடைய இடத்தில் தி ராக் வந்து நின்றார். ஹாலிவுட் நட்சத்திரம், ரெய்ன்ஸின் உறவுக்காரர், தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். வியாபாரக் கணக்கில் அதைவிடப் பெரிய மோதல் உலகத்தில் இல்லை.

ரசிகர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுக்கு ரோட்ஸ்தான் வேண்டும் என்ற கோஷம் இணையத்தில் கிளம்பி அரங்குகளுக்குள் புகுந்தது. அந்தக் காட்சியின் யூடியூப் வீடியோவில் வெறுப்புக் குறிகள் மலையாகக் குவிந்தன. ஆறே நாளில், பிப்ரவரி 8-ல், லாஸ் வேகாஸ் மேடையில் ரோட்ஸ் எழுந்து, தான் எதிர்க்கப்போவது ரெய்ன்ஸைத்தான் என்றார். தி ராக் அவர் கன்னத்தில் அறைந்தார். நல்லவராகத் திரும்பி வந்தவர் அந்த அறையோடு வில்லனாகிவிட்டார். பத்து வருடம் முன்பு, 2014-ல், டேனியல் பிரையன் என்ற குள்ளமான தாடிக்காரருக்காக இதேபோல் ரசிகர்கள் நின்றார்கள். அப்போதும் ரெஸ்ல்மேனியாவின் முடிவு அவருக்குச் சாதகமாக மாறியது.

குடி பாட்வாவுக்கு முதல் நாள்

ஏப்ரல் 6, 7 என இரண்டு இரவு பிலடெல்ஃபியாவின் லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்டு மைதானத்தில் ரெஸ்ல்மேனியா நடந்தது. நமக்கு ஞாயிறு, திங்கள் விடிகாலை. முதல் நாள் தி ராக்கும் ரெய்ன்ஸும் சேர்ந்து ரோட்ஸையும் ராலின்ஸையும் தோற்கடித்தார்கள். அதனால் இரண்டாம் நாள் ஆட்டத்துக்கு எந்த விதியும் கிடையாது. யாரும் உள்ளே வரலாம், எதை எடுத்தும் அடிக்கலாம். மகள் அன்று முழுவதும் சரியாகப் பேசவில்லை.

திங்கள்கிழமை. மறுநாள் மராட்டியப் புத்தாண்டான குடி பாட்வா. கீழே தெருவில் குடிக் கம்பத்துக்குக் கட்டும் சர்க்கரை மாலைகளை விற்பவர் கடை விரித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டம் தொடங்கியபோது எங்களுக்கு எட்டு மணி தாண்டிவிட்டது. மனைவி டிபன் டப்பாவைக் கட்டிவைத்துவிட்டு, “அந்தப் பையன் இன்னிக்காவது ஜெயிப்பானா?” என்று கேட்டபடி வந்து உட்கார்ந்தாள். கீழ்த்தளத்தில் இருக்கும் சாதாராக்காரர் பால் பாக்கெட்டோடு வந்தவர், வாசலில் நின்றே பார்க்க ஆரம்பித்தார். இளமையில் தாலீம் என்னும் மல்யுத்தக் கூடத்தில் மண் பூசி ஆடிய பெஹல்வான் அவர். என்னை ‘அண்ணா’ என்பார், நான் அவரை ‘தாதா’ என்பேன். மராட்டியர்களுக்குத் தெற்கத்தியான் எவனும் அண்ணாதான்.

ஆட்டத்தின் நடுவில் ஆள் மேல் ஆள் வந்தார்கள். ரெய்ன்ஸுக்கு உதவ ஜிம்மி உசோ வந்தார். அவரை அவருடைய இரட்டைச் சகோதரர் ஜே உசோ மடக்கினார். சோலோ சிகோவா வந்தார். பழைய நட்சத்திரம் ஜான் சீனா ஓடிவந்து அவரைத் தூக்கி அடித்தார். சீனாவைத் தி ராக் வீழ்த்தினார். அப்போது மைதானத்தில் விளக்கு அணைந்து மணி அடித்தது. மகள் என் கையைப் பிடித்துவிட்டாள். விளக்கு வந்தபோது தி ராக்கின் பின்னால் அண்டர்டேக்கர் நின்றார். நான் பள்ளி நாளில் சீட்டுக்கட்டில் வைத்திருந்த முகம். என் மகள் கதையாக மட்டுமே கேட்டது.

எனக்குப் பெரிதாகப் பட்டது அது அல்ல. ரெய்ன்ஸ் கையில் இரும்பு நாற்காலி. ஒரு பக்கம் சோர்ந்து கிடக்கும் ரோட்ஸ். மறுபக்கம் ராலின்ஸ், பழைய ‘ஷீல்டு’ கூட்டணியின் கறுப்புச் சீருடையில் முழங்காலிட்டு எழுகிறார். 2014 ஜூனில் அதே ராலின்ஸ் இதே மாதிரி நாற்காலியால் ரெய்ன்ஸின் முதுகில் அடித்துக் கூட்டணியை உடைத்தவர். பட்டத்தைக் காக்க வேண்டுமானால் ரெய்ன்ஸ் அப்போது ரோட்ஸை அடிக்க வேண்டும். அவர் ஒரு நொடி நின்றார். திரும்பி ராலின்ஸை அடித்தார். பத்து வருடப் பழைய கோபம், அன்றைய வெற்றியைக் கெடுத்தது. வசனம் ஒன்றுகூட இல்லை. பத்து வருடம் கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு மட்டும் புரியும்படி எழுதிய காட்சி அது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த ஒரு நொடி போதும். ரோட்ஸ் தன் வழக்கமான பிடியில் ரெய்ன்ஸைத் தொடர்ந்து மூன்று முறை சாய்த்தார். ரெஃப்ரி மூன்று எண்ணினார். 1,316 நாள் சாம்பியனாக இருந்தவரின் ஆட்சி முடிந்தது. அறிவிப்பாளர் சமந்தா இர்வின் புதிய சாம்பியன் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. வாரா வாரம் அந்த மேடையில் நின்றவர், முடிவு எப்படி எழுதப்படுகிறது என்பதை அறிந்த இடத்தில் இருந்தவர். அவருக்கே குரல் உடைந்தது. ரோட்ஸின் அம்மா ரிங்குக்குள் வந்து மகனைக் கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் மூன்று பேரும் அழுதோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோத்ரூடில் மாறாத புள்ளி

எல்லாம் முடிந்ததும் தாதா கேட்ட கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. “அண்ணா, சிக்கந்தருக்காக நாங்களும்தானே கத்தினோம்? ஒரு பாயின்ட் மாறியதா?”

அவர் சொன்னது 2023 ஜனவரியில் புனே கோத்ரூடில் நடந்த மகாராஷ்டிர கேசரி. 1961-ல் தொடங்கிய இந்தப் பட்டம்தான் மகாராஷ்டிரத்தில் மல்யுத்தத்தின் உச்சம். ஜெயிப்பவர் தோளில் வெள்ளிக் கதாயுதம் ஏறும். ‘மேட்’ விரிப்பில் ஆடும் பிரிவில் ஒருவர், மண்ணில் ஆடும் பிரிவில் ஒருவர் ஜெயித்து வர, அந்த இருவரும் கடைசியில் மோதுவார்கள். சோலாப்பூர் மாவட்டம் மோஹோலைச் சேர்ந்த சிக்கந்தர் ஷேக், சுமை தூக்கும் தொழிலாளியின் மகன், கோல்ஹாப்பூர் கங்காவேஷ் தாலீமில் வளர்ந்தவர். அரையிறுதியில் மகேந்திர கெய்க்வாட் அவரை ஒரு பிடியில் வீழ்த்த, நடுவர்கள் 4 புள்ளி கொடுத்தார்கள். அந்தப் பிடி 4 புள்ளிக்கு உரியதுதானா என்று மகாராஷ்டிரம் முழுவதும் வாதம் நடந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, தோள் எங்கே பட்டது, கால் எங்கே இருந்தது என்று டீக்கடைகளில் பேசினார்கள். முடிவு மாறவில்லை. மகேந்திராவை இறுதியில் ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தி, புனே மாவட்டத்துக்காரரான சிவராஜ் ராக்ஷே கதாயுதத்தை வாங்கினார். மோதிய அந்த இருவருமே புனே காத்ரஜில் காகா பவார் நடத்தும் பயிற்சிக்கூடத்தின் பிள்ளைகள்.

பத்து மாதம் கழித்து, நவம்பரில், புனே பக்கத்து ஃபுல்காவில் சிக்கந்தர் திரும்பி வந்தார். இறுதியில் எதிரே நின்றவர் அதே ராக்ஷே. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ராக்ஷேயின் முதுகு தரையில் பட்டது. கதாயுதம் சிக்கந்தர் தோளில் ஏறியது. தாதா அன்று தெருவுக்கே பேடா கொடுத்தார்.

தாதாவுக்கு நான் சொன்ன பதில் இது. குஸ்தியில் ரசிகனின் குரல் புள்ளியை மாற்றாது, மாற்றவும் கூடாது. மாற்றினால் அது விளையாட்டே இல்லை. அங்கே நாம் நம்புவது நடுவரின் நேர்மையை. ரெஸ்லிங்கில் நடுவர் வேஷக்காரர். நாம் நம்புவது கதை எழுதுகிறவரின் நேர்மையை. இரண்டு வருடம் எங்களை நம்பவைத்துவிட்டு, வியாபாரத்துக்காகக் கடைசிப் பக்கத்தை மாற்றினால் தட்டிக்கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. தாதா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் அங்கே ரசிகனுக்கு வேலை அதிகம்” என்றார். அதுதான் விஷயம்.

பாலேவாடியில் நடந்தது

புனேக்கு இதில் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. பலருக்கு மறந்தே போய்விட்டது. 2011 டிசம்பரில் பாலேவாடி ஸ்ரீ சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகத்தில் ‘ரிங் கா கிங்’ என்ற நிகழ்ச்சியைப் படமாக்கினார்கள். அமெரிக்காவின் டி.என்.ஏ. நிறுவனத்துக்காக ஜெஃப் ஜாரெட் தலைமையில் வந்த குழு. தயாரிப்பு எண்டெமால் இந்தியா. கலர்ஸ் சேனலில் ஒளிபரப்பு. விளம்பரத் தூதர் ஹர்பஜன் சிங். ஸ்காட் ஸ்டைனர், அபிஸ், சாவோ குரேரோ, மேட் மோர்கன் என்று தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த ஆட்கள் நம் ஊர்க் குளிரில் வந்து நின்றார்கள். அவர்களோடு பஞ்சாபிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த இந்திய இளைஞர்கள்.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த நான் நண்பர்களோடு போய்ப் பார்த்தேன். டிவியில் காதுக்கே வராத ஒன்று அங்கே கேட்டது: விழும் சத்தம். ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, மெல்லிய நுரை, மேலே இழுத்துக் கட்டிய கேன்வாஸ். நூற்றைம்பது கிலோ மனிதன் மல்லாக்க விழும்போது அந்தப் பலகை அதிர்வது நம் நாற்காலி வரை வரும். விழுகிறவர் தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டுக்கொண்டே, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி விழுகிறார். தூக்குகிறவரின் கை கடைசி நொடி வரை எதிராளியின் கழுத்தைக் காக்கிறது. பார்வைக்குப் பகையாகத் தெரிவது உண்மையில் ஒருவர் உயிரை மற்றவர் கையில் கொடுக்கும் நம்பிக்கை. அதைக் கண்ணால் பார்த்த பிறகு இந்தக் கலை மேல் எனக்கு இருந்த மதிப்பு இரண்டு மடங்கானது.

நிகழ்ச்சி 2012 ஜனவரி 28-ல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மொத்தம் 26 பகுதிகள். முதல் சாம்பியன் மேட் மோர்கன். பிறகு பட்டம் மஹாபலி வீராவிடம் வந்தது. பாலிவுட் பாய்ஸ் என்ற சகோதரர்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். ஏப்ரலில் முடிந்தது. இரண்டாவது சீசன் வரவே இல்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் பதில் இதுதான்: கதை முழுவதையும் டிசம்பரில் படம்பிடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஜனவரியிலிருந்து காட்டினார்கள். நாடு முழுக்க இருந்த ரசிகன் முதல் பகுதியைப் பார்க்கும்போதே கடைசிக் காட்சியும் தயாராக இருந்தது. யாரை நாங்கள் நேசிக்கிறோம், யாரை வெறுக்கிறோம் என்று சொல்ல வழியே இல்லை. வீராவுக்காக நாங்கள் ஏங்கவும் இல்லை. ஏங்குவதற்கு முன்பே பட்டம் கைக்கு வந்துவிட்டது. பாலேவாடியில் உட்கார்ந்திருந்த எங்கள் கூச்சல் படத்தில் ஒலியாக மட்டும் பதிவானது.

இதே தவறை டபிள்யூ.டபிள்யூ.இ.யும் செய்தது. கனடாவில் பிறந்த பஞ்சாபி ஜிந்தர் மஹால், வாரா வாரம் தோற்றுக்கொண்டிருந்தவர், 2017 மே மாதம் ‘பேக்லாஷ்’ நிகழ்ச்சியில் ராண்டி ஆர்ட்டனை வென்று திடீரென்று உலக சாம்பியன் ஆனார். இந்தியச் சந்தைக்காக எழுதிய முடிவு அது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற சிங் பிரதர்ஸ், புனேயில் பட்டம் வாங்கிய அதே பாலிவுட் பாய்ஸ்தான். ஒரு இந்திய முகம் அந்த பெல்ட்டோடு நிற்பதைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெற்றிக்காக யாரும் காத்திருக்கவில்லை. 170 நாளில், இந்தியச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, பட்டம் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் போனது. டிசம்பர் 9-ல் டெல்லியில் ஜிந்தர் டிரிபிள் எச்சிடம் தோற்றார். கடைசியில் 2024 ரெஸ்ல்மேனியா முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஏப்ரல் 19-ல், ஜிந்தர், இந்திய வீரர்களான வீர், சங்கா மூவரையும் நிறுவனம் வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. சங்கா என்பவர், தொலைக்காட்சி மகாபாரதத்தில் பீமனாக நடித்த சௌரவ் குர்ஜர்.

இந்தியர்களால் முடியாது என்பது இதன் பொருள் அல்ல. தாராசிங் 1968-ல் பம்பாயில் லூ தெஸை வென்றபோது இந்த நாடே அவரைத் தோளில் தூக்கியது. என் அப்பா இன்றைக்கும் தாராசிங் - கிங்காங் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார். தலிப் சிங் ராணா, நாம் அறிந்த கிரேட் காலி, 2007-ல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார்; இன்று ஜலந்தரில் பயிற்சிக்கூடம் நடத்துகிறார். உடம்புக்கும் திறமைக்கும் இங்கே பஞ்சமில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கம் கொண்டுவந்த காஷாபா ஜாதவ், எங்கள் தாதாவின் சாதாரா மாவட்டத்துக்காரர்தான். இல்லாதது ஒன்று மட்டும்: ஒரு வீரனைப் பல வருடம் பின்தொடர்ந்து, தோற்கும்போதும் கூட நின்று, அவனுக்காகக் கேட்கும் ரசிகர் கூட்டமும், அந்தக் கூட்டத்துக்குக் காது கொடுக்கும் கதைக்காரர்களும்.

ரசிகனின் பொறுப்பு

குரலுக்குப் பலம் உண்டு என்றால் பொறுப்பும் உண்டு. 1999 மே 23-ல் கன்சாஸ் சிட்டியில் ஒரு பே பெர் வியூ நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் சாகசத்தின்போது விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் உயரத்திலிருந்து குதி என்று கேட்கும் ரசிகன் அதை மறக்கக் கூடாது. என் மகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: இவர்கள் வருடக்கணக்கில் விழப் பழகியவர்கள், பழகியும் அடிபடுகிறவர்கள், பள்ளி மைதானத்தில் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து விளையாடும் விளையாட்டு அல்ல இது. கிழிந்த மார்போடு ஆடியதற்காக ரோட்ஸைக் கொண்டாடுகிறோம். ஆனால் அப்படி ஆட வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது என்று கேட்கவும் நமக்கு வாய் இருக்க வேண்டும்.

புனேயிலும் மும்பையிலும் இருக்கும் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விடிகாலையில் எழுந்து ரெஸ்ல்மேனியா பாருங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். கூடவே, கோடையில் இங்கே ஊர் ஊராக நடக்கும் ஜத்ரா என்னும் திருவிழாக்களுக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். ஹல்கிப் பறை முழக்கத்தோடு செம்மண் களத்தில் குஸ்தி நடக்கும். முதலில் சின்னப் பையன்கள் ரேவடி மிட்டாய்க்கும் தேங்காய்க்கும் மோதுவார்கள், பிறகு பெரியவர்கள் பணப் பரிசுக்கு. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிடிகளின் பெயரைச் சொல்லிக்கொடுப்பார். பிடித்த பையன் ஒருவனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் போய் அவன் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். புள்ளி மாறாது. ஆனால் அவன் இன்னொரு வருடம் தாலீமில் தாக்குப்பிடிக்க அந்தக் குரல் உதவும்.